குடிபூரல் மாடும் தூள்பலகையும்

மரத்தை அரைத்துத் தூளாக்கி, பசை ஊற்றி, சூட்டில் அமுக்கிப் பலகை செய்கிறார்கள் என்று நான் சொன்னபோது வட்டக்கச்சியில் ஒருவரும் நம்பவில்லை. "மாவை அவிச்சுப் பிட்டுச் செய்யலாம். தூளை அவிச்சுப் பலகை செய்யிறதோ?" என்று சிரித்தார்கள். அங்கே பலகை என்றால் முதிரை மரம். அது கிடைக்காவிட்டால் பாலை. அதுவும் இல்லாவிட்டால் வேம்பு. காட்டைப் பக்கத்தில் வைத்திருக்கிறவர்களோடு வாதாடுவது வீண்வேலை. எனக்கு அந்தப் பொறுமையும் கிடையாது.

நான் பிறந்தது மலையில், தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டில். மீசை முளைக்க முன்பே கொழும்புக்கு ஓடிப்போய் ஒரு தளபாடப் பட்டறையில் சேர்ந்தேன். அங்கேதான் ஒட்டுப்பலகை, தூள்பலகை, மேலே ஒட்டுகிற போமைக்கா மினுக்குத் தகடு எல்லாவற்றையும் தொட்டுப் பழகினேன். எழுபத்தேழுக் கலவரத்தில் தமிழருக்கு அடி விழுந்தது. பட்டறைக்குத் திரும்பிப் போக வழியில்லாமல் போயிற்று. ஊரிலும் இருக்க முடியவில்லை. மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு லொறியில் ஏறி வன்னியில் உள்ள வட்டக்கச்சிக்கு வந்தேன். உடுப்பு மூட்டையை விடப் பாரமாக என் தச்சு ஆயுதப் பெட்டிதான் இருந்தது. மனைவி வழி முழுக்க அதைச் சொல்லித் திட்டிக்கொண்டே வந்தாள்.

வந்த இடத்தில் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கக்கூட ஒருவரும் கேட்கவில்லை. மண்வெட்டியைத் தந்தார்கள்.

தந்தவர் வட்டக்கச்சியில் நல்ல வயல்காரர். தன் வளவின் பின்பக்கத்தில் குடிசை போட எங்களுக்கு இடம் கொடுத்தார். அதற்குப் பதில் அவர் வயலில் நானும் மனைவியும் வேலை செய்ய வேண்டும். களை பிடுங்க வேண்டும், வரம்பு கட்ட வேண்டும், அருவி வெட்ட, அதாவது நெற்கதிர் அறுக்க வேண்டும். வேறு யாரும் வேலைக்குக் கூப்பிட்டால் அவரிடம்தான் கேட்பார்கள். மாட்டை இரவல் கேட்பதைப் போல. அவர் கெட்ட மனிதர் இல்லை என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் அவர் வீட்டில் எங்களுக்குத் தேத்தண்ணி தகரப் பேணியில்தான் வரும். அவர் வாயில் என் பெயர் வந்து நான் கேட்டதில்லை. "டேய்" என்பார். வேறு ஆட்களோடு பேசும்போது "எங்கட தோட்டத்தான்" என்பார்.

எனக்கு எந்த நேரமும் ஒரே யோசனை. உளியைத் திரும்பக் கையில் எடுக்க வேண்டும், எடுத்து அந்த வளவை விட்டுப் போக வேண்டும். வயலில் நிற்கும்போது கால் சேற்றில் இருக்கும், கண் றோட்டில் இருக்கும். அவர் மனைவி ஒருநாள் என் மனைவியிடம், "உன்ர மனிசனுக்கு இருப்பு இல்லை. காஞ்சோண்டிச் செடி பட்டுச் சொறியிறவன் மாதிரித் திரியிறான்" என்றாராம். உண்மைதான்.

மூன்றாம் வருசம் அவர் கல்வீடு கட்டினார். நெல் நல்ல விலை போன காலம். நிலை, கதவு, யன்னல் எல்லாம் ஊர் ஓடாவியார் செய்தார். அங்கே தச்சரை ஓடாவியார் என்பார்கள். நல்ல வேலைகாரர், கெட்ட வாய். வீடு முடிந்து குடிபூரல், அதுதான் புதுமனை புகுகிற நாள், நெருங்குகிற நேரத்தில் வீட்டுக்கார அம்மா ஒரு பிடிவாதம் பிடித்தார். கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிற தங்கச்சி வீட்டுக் குசினியில், சமைக்கிற இடத்தில், சுவரோடு சுவராக நீளமாய் அலுமாரி இருக்கிறது, மேலே ஒன்று, கீழே ஒன்று, வெள்ளையாய் மினுமினுவென்று. அது எனக்கும் வேணும் என்றார். அதற்காகவே மனுசனைக் கொழும்புக்கு அனுப்பி, தூள்பலகையும் போமைக்காத் தகடும் லொறியில் வரப் பண்ணினார். அந்த அம்மா வீட்டில் வேறு எதையும் கேட்டதில்லை என்று பிறகு தெரிந்தது. அறை எத்தனை, வாசல் எந்தப் பக்கம், எதிலும் அவரைக் கேட்கவில்லை. குசினி மட்டும்தான் அவருடையது.

ஓடாவியார் பலகையைக் காலால் தட்டிப் பார்த்தார். ஒரு மூலையை நகத்தால் கிள்ளினார். தூள் உதிர்ந்தது. அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"இதென்ன தங்கச்சி, கோழித்தீனோ? இதுக்கு நான் உளி வைக்கமாட்டன். வைச்சால் என்ர அப்பன் சுடலையில இருந்து எழும்பி வந்து அறைவான்."

பலகை மால் கொட்டில் ஓரத்தில் கிடந்தது. நான் பார்த்துவிட்டேன். போய் நின்று, "அம்மா, நான் செய்றேங்க. கொழும்புல இதான் என் வேல" என்றேன். வீட்டுக்காரர் சிரித்தார். "டேய், நீ களை பிடுங்கிறனியெல்லோ?" என்றார். அந்த அம்மா சிரிக்கவில்லை. "செய்வியோ?" என்று மட்டும் கேட்டார்.

இதே நேரத்தில் கிளிநொச்சியில் புடவைக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவர் கடையைப் பெருப்பித்துக்கொண்டிருந்தார். முல்லைத்தீவு முஸ்லிம் ஆள், எல்லோரும் நானா என்பார்கள். வீட்டுக்காரருக்கு நல்ல பழக்கம். முழுக் கடைக்கும் றாக்கைத் தட்டுகளும் கண்ணாடி அலுமாரியும் தூள்பலகையில் அடிக்க ஆள் தேடினார். நான் வேலை தொடங்கிய கிழமை வந்து பார்த்தார். "குடிபூரலுக்கு வருவன். முடிச்சு வை. எனக்குப் பிடிச்சுதெண்டால் கடை வேலை உனக்குத்தான். கடைக்குப் பின்னால ஒரு பத்திக் கொட்டில் கிடக்கு, குடும்பத்தோட இருக்கலாம்" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

தூள்பலகையில் வேலை செய்வது முதிரையில் செய்வதைப் போல இல்லை. வாளின் பல்லை அது மழுக்கிவிடும். ஓரத்தில் ஆணி அடித்தால் பிளந்து கொட்டும். கதவுப் பிணைச்சல் வருகிற இடத்தில் எல்லாம் துளை போட்டு, முதிரை ஆப்புச் சீவிப் பசையோடு இறுக்கி, அந்த ஆப்பில்தான் திருகாணியை முடுக்கினேன். அந்த ஆப்பு மரத்தை ஓடாவியாரின் கழிவுக் குவியலில் இருந்து எடுத்தேன். கேட்கவில்லை. போமைக்கா ஒட்டுவது இன்னொரு பாடு. மஞ்சள் பசையைத் தகட்டிலும் பூசு, பலகையிலும் பூசு, தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரைக்கும் காத்திரு. பிறகு வை. வைத்தால் வைத்ததுதான். ஒரு மயிரளவு கோணினாலும் கழற்ற முடியாது. காத்திருப்பது என்னால் முடியாத காரியம். பசை காயும் நேரத்தில் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். ஓடாவியார் நிலைக்கு எண்ணெய் பூசிக்கொண்டே, "பொடிச்சி பெறப்போறாளெண்டு ஆசுபத்திரி வாசலில நிக்கிறவன் மாதிரி நடக்கிறாய்" என்பார்.

ஒரு விசயத்தில் அந்த அம்மாவோடு சண்டை வந்தது. கீழ் அலுமாரிக்கு நாலு விரல் உயரத்தில் முதிரைக் கால் வைக்கவேண்டும் என்று சொன்னேன். தூள்பலகைக்குத் தண்ணீர் ஆகாது. ஓரத்தால் உறிஞ்சும், உறிஞ்சினால் ஊதும், ஊதினால் பிறகு வற்றாது. அந்தக் குசினித் தரையோ கழுவுவதற்கென்றே சரித்துப் போட்ட தரை. ஊற்றுகிற தண்ணீர் முழுவதும் அலுமாரி நிற்கிற சுவரடிக்குத்தான் போகும்.

"கால் வைச்சால் கீழ மட்டத்தேளும் பாம்பும் குடியிருக்கும். தங்கச்சி வீட்டில நிலத்தோட ஒட்டித்தான் நிக்குது."

"தங்கச்சி வீட்ல வாளி வாளியா ஊத்தமாட்டாங்கம்மா. துணியால தொடைப்பாங்க."

"எனக்குத் துடைக்கவும் தெரியும். நீ ஒட்டி வை."

வைத்தேன். அடி ஓரம் முழுக்க மூன்று தடவை எண்ணெய்ப் பெயின்ற் பூசினேன். அலுமாரியின் அடித்தட்டை நிலத்திலிருந்து ஒரு சாண் தூக்கியே அடித்தேன். பக்கப் பலகைகளும் கதவுகளும் மட்டும் கீழே வரை வந்தன. தூக்கி வைக்க நாலு பேர் வேண்டும். வந்தது இரண்டு பேர். இழுத்துத்தான் சுவரடியில் விட்டோம். சீமெந்தில் உரசி அடிப் பெயின்ற் எவ்வளவு போயிற்று என்று குனிந்து பார்க்க முடியவில்லை. குடிபூரலுக்கு முதல்நாள் அது.

ஆனால் நின்றது. வெள்ளைப் போமைக்கா, கதவுகளுக்கு நடுவில் ஒரு நூல் இடைவெளி, மேலே ஓடாவியாரின் முதிரை யன்னலால் வந்த வெளிச்சம். அந்த அம்மா ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடினார். திறந்து மூடினார். வீட்டுக்காரர் வந்து, "பரவாயில்லையடா" என்றார். நான் மனதில் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டேன்.

மாட்டை நான் நினைக்கவில்லை. எப்படி நினைப்பேன்? லயக் காம்பராவுக்கு யார் குடிபூரல் செய்தார்கள்? ஒரு குடும்பம் போகும், அடுத்த குடும்பம் அடுப்பு மூட்டும், அவ்வளவுதான். புது வீட்டுக்குள் மாட்டையும் கன்றையும் கூட்டிக்கொண்டு வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. அங்கே இருந்தவர்களுக்கு அது தெரிந்த விசயம். அதனால் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

காலையில் ஐயர் வந்து ஓமம் வளர்த்தார். பிறகு வாசலால் மாடு வந்தது. கொம்புக்கு மஞ்சள், நெற்றிக்குக் குங்குமம், கழுத்தில் பூமாலை. பின்னால் கன்று. சின்ன வாசலால் அதை வீட்டுக்குள் விட மூன்று பேர் தள்ளினார்கள். நான் வெளியில் நின்று அதிசயமாகப் பார்த்தேன். நடுச்சாலைக் கூடத்தில் ஒரு சுற்று, சாமி அறையில் ஒரு நிற்பு. பிறகு குசினிக்குள் திருப்பினார்கள். ஆட்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

மாடு அலுமாரியைப் பார்த்தது. போமைக்காவில் தன் நிழலைக் கண்டிருக்க வேண்டும், மூஞ்சியை நீட்டி மோந்தது. பிறகு திரும்பியது. திரும்பிப் பின்பக்கத்தை அலுமாரிக்குக் காட்டிக்கொண்டு நின்றது. வாலைத் தூக்கியது.

கோயில் திருவிழாவில் பைப் திறந்ததைப் போல அடித்தது. வெள்ளைக் கதவில் பட்டுத் தெறித்து, வழிந்து, தரையில் விழுந்து, சரிவோடு ஓடி, அலுமாரிக்குக் கீழே போயிற்று.

குசினி முழுக்கச் சந்தோசம். பொம்பிளைகள் கை தட்டினார்கள். "லட்சுமி பெய்திட்டாள்!" என்று யாரோ கத்தினார்கள். "வந்த காலோட குசினிக்குள்ள! இனி இந்த வீட்டில ஒண்டுக்கும் குறையில்லை." வீட்டுக்கார அம்மா கண்ணைத் துடைத்தார். நான் தோளில் கிடந்த துவாயை இழுத்துக்கொண்டு முழங்காலில் விழுந்தேன்.

"டேய், டேய்! என்ன செய்யிறாய்?"

"தொடைக்கணுங்கம்மா. உறிஞ்சிரும்."

"துடைக்காத! இண்டைக்குத் துடைக்கக்கூடாது. நாளைக்குக் காலமைதான்."

"நாளைக்குத் தொடைக்க ஒண்ணும் இருக்காதும்மா."

வாசலில் நின்ற ஓடாவியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாருங்கோ, வந்த லட்சுமியைத் துவாயில பிழிஞ்சு கொண்டு போகப் பாக்கிறான்." எல்லோரும் சிரித்தார்கள். யாரோ என் தோளைப் பிடித்து எழுப்பினார்கள். துவாயோடு வெளியில் வந்து நின்றேன். என் துவாயிலும் கொஞ்சம் லட்சுமி இருந்தது.

மனைவி பின் வளவில் பெரிய கிடாரத்துக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். போய்ச் சொன்னேன்.

"அதுக்கு என்னா செய்ய? மாட்டுக்கு வாயி இருந்தா கேட்டுட்டு ஊத்தியிருக்கும்."

"மொதலாளி வர்றதுக்குள்ள ஊதிரும்."

"ஊதட்டும். நீ கொஞ்சம் ஒக்காரு. பாக்கப் பாக்க எனக்கு மயக்கம் வருது."

உட்கார முடியவில்லை. ஒவ்வொரு சாட்டாகக் குசினிக்குள் போனேன். தண்ணிச் செம்பு எடுக்கிறதுபோல ஒருதரம், ஆளைத் தேடுகிறதுபோல ஒருதரம். குனிந்து பெருவிரலால் பலகையின் அடியை அமுக்கிப் பார்த்தேன். முதலில் கல்லைப் போல இருந்தது. அடுத்த தடவை கொஞ்சம் மெத்தென்றது. வாழையிலை போட்டு முதல் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, போமைக்காவின் அடி ஓரம் உதட்டைப் போலப் பிதுங்கத் தொடங்கியது. பார்த்தேன், என்ன செய்ய? கத்த வேண்டும்போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? மாடு முற்றத்தில் நின்று வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தது.

முதலாளி பந்தி நடுவில் மோட்டார் சைக்கிளில் வந்தார். சாப்பிடச் சொன்னார்கள். "அலுமாரியைப் பாத்திட்டுச் சாப்பிடுவம்" என்றார். வீட்டுக்காரர் தோளில் சால்வையைச் சரிபண்ணிக்கொண்டு முன்னால் நடந்தார். நானும் பின்னால் போனேன். ஓடாவியாரும் விடாமல் வந்தார். அவருக்கு இது பார்க்காமல் விட முடியாத கூத்து.

வீட்டுக்காரர் மேல் அலுமாரியைத் திறந்து காட்டினார். முதலாளி கதவின் பின்பக்கத்தைக் கையால் தடவினார், பிணைச்சலைப் பார்த்தார், "நல்ல நேர்" என்றார். பிறகு வீட்டுக்காரர் கீழ் அலுமாரியின் கைபிடியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. பலமாக இழுத்தார். பக்கத்துக் கதவும் சேர்ந்து அசைந்தது. கீழே குனிந்து, பிதுங்கி நின்ற ஓரத்தில் விரலைக் கொடுத்து இழுத்தார். போமைக்காக் கீலம் உரிந்து கையோடு வந்தது. அதன் பின்னால் ஈரத்தூள் பொலபொலவென்று கொட்டியது.

ஓடாவியார் தூளைக் குனிந்து பார்த்துச் சொன்னார்.

"தேத்தண்ணியில தோய்ச்ச விசுக்கோத்து."

வீட்டுக்காரரின் காது சிவந்துவிட்டது. முதலாளிக்கு முன்னால், சொந்தக்காரருக்கு முன்னால். "என்னடா செய்து வைச்சிருக்கிறாய்? ஒரு நாள் நிக்கேல்லை. வயலுக்குப் போடா, உனக்கு அதுதான் சரி."

அந்தச் சொல்தான் என்னைப் பிடித்தது. பலகையைச் சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டு நின்றிருப்பேன்.

"மாடு உங்களுதுங்க. தர சரிவு உங்களுது. கால் வைக்கக்கூடாதுன்னு சொன்னது உங்க வீட்டம்மா. தொடைக்கப் போனேன், விடல. இதுல எது என் தப்பு, சொல்லுங்க?"

"வாயைப் பார்!"

"வாயைப் பாத்தது போதும். வெலகுங்க. இன்னும் தண்ணி மேல ஏறுது. அடித்தட்டுக்கு ஏறுச்சுன்னா முழுசாக் குப்பை. இப்பவே அடிய வெட்டி எறியணும்."

பெட்டியை எடுத்து வந்து வாளை வெளியில் எடுத்தேன். பொம்பிளைகள் பக்கத்தில் சத்தம் எழும்பியது. குடிபூரல் நாளில் வீட்டுக்குள் வாள் வைக்கலாமா? நல்ல நாளில் வெட்டுகிறதா? ஐயரிடம் கேளுங்கோ. ஐயர் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்காரர் குறுக்கே நின்றார். அவர் நகராவிட்டால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கையில் வாள் வேறு இருந்தது.

அந்த அம்மா வந்தார். உரிந்து தொங்கின கீலத்தைப் பார்த்தார். தரையில் கிடந்த தூளைக் காலால் ஒதுக்கினார். அழுதுவிடுவார் என்று நினைத்தேன்.

"வெட்டினால் நிக்குமோ?"

"மேல தண்ணி ஏறலேன்னா நிக்கும். கால் வச்சு நிறுத்துவேன். இந்தத் தடவ நீங்க சொன்னாலும் கேக்கமாட்டேன்."

"தள்ளி நில்லுங்கோ" என்றார் மனுசனிடம். அவர் தள்ளி நின்றார். கல்யாணம் முடித்த காலத்திலிருந்து அந்த மனுசன் அப்படித் தள்ளி நின்றதை ஒருவரும் கண்டிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். அம்மா உள்ளே போய்ச் செம்போடு வந்தார். வாளுக்கு மேல் கையை நீட்டினார்.

"அம்மா, தண்ணி வேணாம்!"

"மஞ்சள் தண்ணி தெளிச்சுப்போட்டுத் தொடங்கடா!"

"எந்தத் தண்ணியும் வேணாம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

முதலாளி சிரித்துவிட்டார். அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். செம்பை வைத்துவிட்டு வாளில் குங்குமம் மட்டும் தொட்டு வைத்தார். அது காய்ந்த சாமான், பரவாயில்லை.

அலுமாரியை நெடுக்கே தூக்கி மல்லாக்கக் கிடத்த வேண்டும். கிடத்தும்போது முறுகினால் மூட்டுகள் விட்டுவிடும். வந்திருந்த ஆண்கள் வேட்டியை மடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் பிடிக்கத் தெரியாது. நான் ஓடாவியாரைப் பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்கிறாய்? நான் கோழித்தீன் தூக்கமாட்டன்."

"அப்ப கூத்துப் பாக்கிறத விட்டுட்டுப் பந்திக்குப் போங்க. எடம் வேணும்."

மனுசனுக்கு ஏறிவிட்டது. சால்வையை எடுத்து யன்னலில் எறிந்தார். "டேய், அந்தப் பக்கம் பிடிக்காத, அடித்தட்டோட பிடி. தூக்கத் தெரியாதவன் அலுமாரி செய்ய வந்திட்டான்" என்று என்னைத் திட்டிக்கொண்டே மறுபக்கத்தைப் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து பாயில் கிடத்தினோம். மூட்டு ஒன்றுகூட முனகவில்லை.

கதவுகளைக் கழற்றினேன். ஊதின அளவுக்கு மேலே விரல் கனம் விட்டுப் பக்கப் பலகையிலும் கதவிலும் கோடு போட்டு அறுத்தேன். ஈரத்தூளில் வாள் சிக்கிச் சிக்கி வந்தது. அந்த மணம் வேறு. ஓடாவியார் தும்மினார். தும்மித் தும்மி, "மூக்குக்குள்ள முழு அலுமாரியும் போட்டுது" என்றார். அறுத்து முடிந்ததும் வெளியே போய் அவருடைய நிலைத் துண்டுகளில் கனமானதாகப் பொறுக்கி வந்தேன்.

"அது என்ர முதிரை."

"ஆமா."

ஓடாவியார் கிட்ட வந்து குந்தினார். நான் காலை அளந்து அறுத்தபோது, "மரத்தின்ர நாரோட்டம் நிமிர்ந்து நிக்கவேணும், படுக்க வைக்காத" என்றார். அது எனக்கும் தெரியும். கதவுகளைச் சீவி மாட்டினேன். நிமிர்த்தி வைத்தோம். அலுமாரி பழைய உயரத்திலேயே நின்றது. கீழே மட்டும் வெளி. அந்த அம்மா குனிந்து கையை விட்டுப் பார்த்தார். பிறகு கீழ்க் கதவைத் திறந்து மூடினார். திறந்தது, மூடியது.

முதலாளி அதுவரை வாங்குப் பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாயசம் குடித்த கையைத் துடைத்தார். எழும்பி, வீட்டுக்காரரைப் பார்த்து, "ஆளைத் திங்கக்கிழமை கூட்டிக்கொண்டு போகலாமோ?" என்றார்.

வீட்டுக்காரர் இப்போது பழையபடி ஆகிவிட்டார். "திங்கள் ஏலாது நானா. அருவி வெட்டு வருது, எனக்கு ஆள் காணாது. வெட்டு முடியட்டும், பிறகு அனுப்பிவிடுறன்."

"அப்ப சரி, முடிய அனுப்புங்கோ."

இரண்டு பேரும் எனக்கு மேலாகப் பேசிக்கொண்டார்கள். நான் நடுவில் நின்று வாளில் ஒட்டியிருந்த தூளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அருவி வெட்டு முடிந்தால் கதிர் மிதிக்கிற சூடடிப்பு வரும். சூடடிப்பு முடிந்தால் உழவு வரும்.

"மொதலாளி, என்னையக் கேளுங்க."

"என்ன?"

"ஆளு நான்தான். இங்கதான் நிக்கிறேன். என்னையக் கேளுங்க."

வீட்டுக்காரர் மெதுவாகத்தான் சொன்னார். "ஆருடைய வளவில இருந்துகொண்டு கதைக்கிறாய் எண்டு தெரியுதோ?"

"ஒங்க வளவுதாங்க. ஒங்க அலுமாரிய நிறுத்திக் குடுத்துட்டேன். வளவையும் இன்னைக்கே விட்டுர்றேன். அருவி வெட்டுக்கு வேற ஆள் பாருங்க."

வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான் மனைவி கிடாரத்தடியில் நிற்கிறாள், மகள் யாரோ ஒருவரின் இலையில் வடை தின்கிறாள் என்ற நினைப்பு வந்தது. முதலாளி மறுத்தால் அன்றைக்கு இரவு படுக்க இடமில்லை. முதலாளி தாடியைத் தடவினார். கூட்டாளியான வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு நேரம் ஒரு மனுசனை நான் முறைத்துப் பார்த்ததில்லை.

"சரியப்பா, உம்மட்டக் கேக்கிறன். வாரீரோ?"

"வர்றேன். அங்கயும் கால் வச்சுத்தான் அடிப்பேன்."

"என்ர கடைக்குள்ள மாடு வராது."

"மாரி வந்தா வெள்ளம் வருமில்ல?"

"வரும்" என்றார். "ஓம், அது வரும்."

வீட்டுக்காரர் பந்திப் பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசியதில்லை. றோட்டில் கண்டால் சைக்கிளை மற்றப் பக்கத்துக்கு வெட்டுவார். கடை வேலை முடிந்து, அந்தக் கடையைப் பார்த்து வேறு கடைகள் வந்து, மாங்குளம் வரைக்கும் நான் வேலைக்குப் போய்வந்த காலத்திலும் அப்படித்தான். அவருடைய கோபத்தில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அதைவிட "எங்கட தோட்டத்தான்" பெரிய பாரம்.

மனைவிக்குச் சொன்னபோது அகப்பையை என் காலடியில் எறிந்தாள்.

"ஒரு வார்த்த என்னையக் கேட்டியா?"

சற்று முன்னம் குசினிக்குள் என்ன சொல்லிவிட்டு வந்தேனோ, அதையே அவள் எனக்குத் திருப்பிச் சொல்கிறாள் என்று தெரிந்தது. கோபத்தில் சட்டியைக் கவிழ்த்தாள், பாயைச் சுருட்டினாள், கூரைக் கிடுகை விட்டுவிட்டு மற்றதெல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டினாள். வெயில் சாய முன் கிளிநொச்சிப் பட்டணம் போகும் வழியில் இருந்தோம். நான் ஆயுதப் பெட்டி, அவள் மூட்டை, மகள் கையில் வடை. எனக்குச் சிரிக்கவேண்டும் போலவும் இருந்தது, திரும்பி ஓடவேண்டும் போலவும் இருந்தது.

கடைக்குப் பின்னால் பத்தி இருந்தது. மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் சும்மா திறந்த வெளி. உள்ளே பழைய சாக்கும் எலிப் புழுக்கையும். மனைவி மூட்டையை இறக்கவில்லை. வெளியிலேயே நின்றாள்.

"இதுக்குக் கதவு எங்க?"

"இல்ல."

"அப்ப போடு. போட்டப்புறம் உள்ள வாரேன்."

முதலாளியின் கடைக்குள் புதுத் தூள்பலகைகள் அடுக்கி இருந்தன. ஒன்றை இழுத்து முற்றத்துக்குக் கொண்டுவந்தேன். அவள் மூட்டையோடு நின்றாள். பெட்டியைத் திறந்தேன்.